தரையில் உட்கார்ந்த வக்கீல்

கொச்சி யூதர் கதை – பகுதி 17

சென்ற வாரம் மட்டாஞ்சேரியில் நிறுத்தியிருந்தோம். விட்ட இடத்தை ஒருமுறை தொட்டுவிட்டு மேலே போகலாம்.

கி.பி. 1000 வாக்கில் சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன், இசுப்பு இரப்பான் என்ற யூத வணிகருக்குச் செப்பேடு எழுதிக் கொடுத்தான். வட்டெழுத்தில், நாம் இன்றும் திக்கித் திணறிப் படித்துப் பாதி புரிந்துகொள்ளக்கூடிய மொழியில். பகலில் விளக்கு, நடக்கும் வழியில் பாவாடை, பல்லக்கு, குடை, தோரணம் என எழுபத்திரண்டு உரிமைகள். மகனுக்கும் மகளுக்கும் மருமகனுக்கும் தொடரும்படி கொடுக்கப்பட்டவை.

ஐந்நூறு ஆண்டு கழித்துக் கொடுங்கல்லூர் கைவிட்டுப் போனது. யூதர்கள் கொச்சிக்கு இறங்கி வந்தார்கள். 1492-இல் ஸ்பெயின் துரத்தியடித்த குடும்பங்களில் சிலவும் கடல் வழியே அங்கு வந்து சேர்ந்தன. ராஜா தன் அரண்மனையை ஒட்டியே இடம் கொடுத்தார். 1568-இல் அங்கே பரதேசி ஜெப ஆலயம் எழுந்தது.

பழையவர்கள் மலபாரி யூதர். புதியவர்கள் பரதேசிகள். வெள்ளைக்காரர்கள் எழுதிய புத்தகங்களில் இவர்கள் ‘கறுப்பு யூதர்’, ‘வெள்ளை யூதர்’ ஆனார்கள். இரு தரப்புக்கும் இடையே பெண் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. இதுவரை சொல்லியிருந்தோம்.

அதைப் படித்துவிட்டு அச்சங்குளத்திலிருந்து ஒரு நண்பர் போன் செய்தார். “எல்லாரும் ஒரே சாமியைத்தானய்யா கும்பிடுறாங்க? அதுக்குள்ள என்ன வெள்ளை, கறுப்பு?” சிவகாசிக்குப் பக்கத்து ஊரில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது என்று சிரித்துவிட்டேன். ஆனால் அவருக்கு நான் சொல்லாமல் விட்ட பிரிவு ஒன்று இருக்கிறது. மூன்றாவது பிரிவு. வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை. பரதேசிகளின் கோயிலுக்குள்ளேயே இருந்தவர்கள். உள்ளே இருந்தார்கள், ஆனால் தரையில்.

*

அந்தக் கட்டடத்துக்குள் ஒருமுறை போய் வருவோம்.

மட்டாஞ்சேரி ஜூ டவுன் தெருவின் கோடியில் மணிக்கூண்டு. 1760-இல் எசேக்கியேல் ரஹாபி கட்டுவித்தது. கோழிக்கோடு முதல் கன்னியாகுமரி வரை அரசர்களோடு கணக்கு வைத்திருந்த பெரிய வியாபாரி அவர். டச்சுக் கம்பெனிக்கே தரகர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலை வைத்தால் தரையெல்லாம் நீலமும் வெள்ளையுமாகச் சீன ஓடு. ஒவ்வொன்றும் கையால் தீட்டியது. மேலே கண்ணாடிச் சரவிளக்குகள். நடுவில் பித்தளைக் கம்பி போட்ட மேடை. அதை ‘தேவா’ என்பார்கள். தோரா சுருளை விரித்து வாசிப்பது அங்கேதான். சுவரை ஒட்டி மர பெஞ்சுகள். மாடியில் பெண்களுக்கு இடம்; அதற்கு முன்னால் இன்னொரு சிறிய மேடை. மாடியிலும் ஒரு மேடை வைப்பது கேரள யூதருக்கே உரிய வழக்கம்.

இந்த மண்டபத்துக்கு முன்னால் ஒரு முன்கட்டு உண்டு. ‘அசாரா’ என்று பெயர்.

ஓய்வுநாள் காலையில் பரதேசிக் குடும்பத்து ஆண்கள் நேராக உள்ளே போய் பெஞ்சில் உட்காருவார்கள். இன்னும் சிலர் அதே தொப்பி, அதே ஜெபப் புத்தகம், அதே எபிரேய உச்சரிப்போடு வருவார்கள். அவர்கள் அசாராவில் தரையில் உட்காருவார்கள். தோரா வாசிக்க ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்கும்போது இவர்கள் பெயர் வராது. இவர்களில் ஒருவருக்கு மண்டபத்துக்குள் இருப்பவர் வீட்டில் பெண் கிடைக்காது. செத்தாலும் அவர்களுடைய கல்லறைகளுக்கு நடுவே இடம் கிடையாது.

இவர்களுக்கு எபிரேயத்தில் மெஷுஹ்ராரிம் என்று பெயர். விடுவிக்கப்பட்டவர்கள். யாரிடமிருந்து? அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களின் பாட்டன், பூட்டன்களிடமிருந்து.

*

அன்றைய கேரளத்தில் அடிமை வைத்திருப்பது வசதியான வீட்டுக்குச் சாதாரணம். யூதர்களும் வைத்திருந்தார்கள். யூத வீட்டுக்கு வந்த அடிமை மதம் மாற்றப்பட்டான். விருத்தசேதனம், ஞானக்குளியல், அவன் கையால் சமைத்துச் சாப்பிடலாம் என்ற நிலை. சில பெண்களுக்கு எஜமான் வழியில் பிள்ளைகளும் பிறந்தன. காலப்போக்கில் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள்.

இனிமேல்தான் சட்டம் வருகிறது. யூத மறைநூல் சட்டத்தில் இதற்குக் குழப்பமே இல்லை. விடுதலைப் பத்திரம் பெற்று, முறைப்படி நீரில் மூழ்கி எழுந்தவன் முழு யூதன். பிறந்த யூதனுக்கும் அவனுக்கும் தொழுகையில் வித்தியாசம் கிடையாது.

கொச்சிக்காரர்களுக்கு இது தெரியாமல் இல்லை. கேட்டே தெரிந்துகொண்டார்கள். அதுதான் வேடிக்கை.

16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பரதேசி ஜெப ஆலயம் எழுவதற்கு முன்பே, கொச்சியிலிருந்து கெய்ரோவுக்கு ஒரு கேள்வி போனது. அங்கே இருந்தவர் ரபி டேவிட் இப்ன் சிம்ரா. அவரும் சிறுவனாக ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டவர், அந்த நூற்றாண்டின் பெரிய சட்ட மேதைகளில் ஒருவர். எங்கள் ஊரில் 900 குடும்பங்கள், அதில் 100 குடும்பங்கள் நாங்கள்தான் குலத்தவர் என்கின்றன, மற்றவர்களை அடிமைகள் என்று சொல்லிப் பெண் எடுக்க மறுக்கின்றன, என்ன செய்யலாம்? இதுதான் கேள்வியின் சாரம். மூவர் முன்னிலையில் நீரில் மூழ்கட்டும், அதன் பிறகு அவர்கள் உங்களில் ஒருவர் என்றார் ரபி. அவருடைய மாணவர் யாக்கோபு காஸ்ட்ரோவிடம் பிறகு கேட்டார்கள். அவரும் அதையே சொன்னார்.

பதில் வந்தது. பெஞ்சு நகரவில்லை.

1757-இல் பரதேசிகள் தங்கள் பதிவேட்டில் ஒரு விதியையே எழுதிவைத்தார்கள். தங்களில் ஒருவன் மலபாரிப் பெண்ணையோ மெஷுஹ்ரார் பெண்ணையோ கட்டினால், பிள்ளைகள் தாயின் பிரிவுக்குப் போய்விடுவார்கள். ஆனால் கட்டிய ஆண் தன் இடத்திலேயே இருக்கலாம், அவனுக்கு ஒரு குறையும் இல்லை. படித்துவிட்டுச் சற்று நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதே ஏற்பாட்டை நம் ஊர் ஜமீன் வீட்டுக் கதைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்!

1882-இல் மறுபடியும் கேள்வி, இந்த முறை எருசலேமுக்கு. தலைமை ரபி பானிஜெல் சொன்ன பதிலும் பழைய பதில்தான்: மூழ்கி எழட்டும், சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெஞ்சு அப்போதும் நகரவில்லை.

*

சட்டம் ஒரு பக்கம் இருக்க, எது பரதேசிகளைத் தடுத்தது?

பதில் கட்டடத்துக்கு வெளியே இருக்கிறது. ஜெப ஆலயத்துக்கு அடுத்தது ராஜாவின் அரண்மனை, அதை ஒட்டிப் பழயன்னூர் பகவதி கோயில். கோயிலுக்குள் யார் எதுவரை வரலாம் என்று அடி கணக்கில் தூரம் வகுத்திருந்த நாடு அது. அந்த நாட்டில் மதிப்பாக வாழ வேண்டுமென்றால் நமக்குக் கீழே ஒருவனைக் காட்ட வேண்டும். பரதேசிகள் அதைச் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள்.

கொச்சி யூதர்களை நெடுநாள் ஆராய்ந்த நேதன் காட்ஸ், எல்லன் கோல்ட்பெர்க் தம்பதி ஒரு நல்ல கவனிப்பைச் சொல்கிறார்கள். பஸ்கா பண்டிகை வந்தால் கொச்சி யூதர் வீடுகளில் காட்டும் ஆசாரம் வேறெந்த நாட்டு யூதரிடமும் இல்லாத அளவுக்குப் போகும். வாரக்கணக்கில் வீட்டைக் கழுவி, பாத்திரத்தைத் தனியாக வைத்து, அரிசியை மணி மணியாகப் பொறுக்கி, வெளியார் கை படாமல் காப்பார்கள். நம்பூதிரி வீட்டு மடி யூத உடை போட்டுக்கொண்டு வந்ததுபோல. அதே மாதிரி தோரா திருவிழாவில் ராஜ ஊர்வலத்தின் ஆடம்பரம் வந்து ஒட்டிக்கொள்ளும். மதச் சட்டத்தில் இடம் இருக்கிற இடங்களில் எல்லாம் கேரளம் உள்ளே நுழைந்துவிட்டது.

அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எந்தச் சமூகமும் வாழும் ஊரின் வாசனை இல்லாமல் இருக்க முடியாது. ஆனால் மடி வந்தபோது தீட்டும் கூடவே வந்தது. சட்டம் திறந்துவைத்த கதவை ஊர் வழக்கம் சாத்தியது. சாத்திவிட்டு, இதுதான் எங்கள் பாரம்பரியம் என்று அதற்குப் பெயரும் வைத்தது.

*

தரையில் உட்கார்ந்தவர்கள் சும்மா இருந்துவிடவில்லை.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆவோ என்பவர் தலைமையில் மெஷுஹ்ராரிம் எழுந்து வெளியேறினார்கள். கொச்சி அரசின் எல்லையைத் தாண்டி, ஆங்கிலேயர் வசமிருந்த கொச்சிக் கோட்டைப் பகுதிக்குப் போய், தனியாகத் தொழுகை நடத்தினார்கள். அது நிலைக்கவில்லை. ஆவோவுக்குப் பிறகு அந்தக் கூட்டம் கலைந்து பழைய முன்கட்டுக்கே திரும்பி வந்தது.

ஏன் நிலைக்கவில்லை என்பதை விருதுநகர்க்காரருக்கு விளக்கத் தேவையில்லை. தனிக் கோயில் கட்ட ஆளும் வேண்டும், காசும் வேண்டும். இங்கே நாடார் உறவின்முறைகள் வியாபாரத்தில் மகமை பிடித்துப் பொதுப் பணம் சேர்த்தன. அந்தப் பணத்தில் கோயிலும் கிணறும் வந்தன; 1889-இல் க்ஷத்திரிய வித்தியாசாலையும் வந்தது. காமராஜர் படித்த பள்ளி அது. உள்ளே விடாத ஊருக்குப் பக்கத்திலேயே சொந்த ஊரைக் கட்டிக்கொள்ளும் வலிமை இருந்தது.

மெஷுஹ்ராரிமுக்கு அந்த வலிமை இல்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய சில குடும்பங்கள். யூதச் சட்டப்படி வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் கூடாமல் பொதுத் தொழுகையே கிடையாது. நோயோ வறுமையோ நான்கு பேரைக் கொண்டுபோனால் கோயிலே மூடப்பட்டுவிடும். விலகிப் போகவும் வழியில்லை, உள்ளே அமரவும் வழியில்லை.

1882-ஆம் ஆண்டு, எருசலேமுக்குக் கேள்வி போன அதே ஆண்டு, இந்தச் சமூகத்தில் ஒரு குழந்தை பிறந்தது. ஆபிரகாம் பாரக் சாலேம்.

*

தாய் வளர்த்த பிள்ளை. எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்தார். அங்கிருந்து சென்னைக்கு வந்து பி.ஏ. முடித்தார்; தங்கள் சமூகத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். சென்னையிலேயே சட்டமும் படித்துத் திரும்பி, எர்ணாகுளம் தலைமை நீதிமன்றத்தில் வக்கீலாகப் பதிவு செய்தார்.

வாரத்தில் ஐந்து நாள் கறுப்புக் கவுன். கோர்ட்டில் எழுந்து நின்றால் நீதிபதி கேட்பார். ஓய்வுநாள் வந்தால் முன்கட்டுத் தரை.

1925-இல் கொச்சிச் சட்டசபை வந்தபோது அதில் உறுப்பினரானார். 1931 வரை இருந்தார், பிறகு 1939 முதல் 1945 வரை மறுபடியும். தொழிற்சங்கங்கள் அப்போதுதான் தலையெடுத்துக்கொண்டிருந்தன. அவற்றுக்குத் துணை நின்றார். 1929 டிசம்பரில் லாகூர் காங்கிரசுக்குப் போனார். நேரு தலைமையில் முழு விடுதலைத் தீர்மானம் நிறைவேறிய மாநாடு. ஒரு சமஸ்தானத்து யூத வக்கீல் பஞ்சாபின் குளிரில் போய் உட்கார்ந்து அதைக் கேட்டுவிட்டு வந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நாட்டுக்கு விடுதலை கேட்கும் கூட்டத்தில் நாற்காலி கிடைத்தது. சொந்தக் கோயிலில் பெஞ்சு கிடைக்கவில்லை.

*

சாலேம் வக்கீல். கெய்ரோ தீர்ப்பும் எருசலேம் தீர்ப்பும் அவர் பக்கம். வழக்குப் போட்டிருக்கலாமே?

கொஞ்சம் நம் ஊர்ப் பக்கம் திரும்புவோம். 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். ராமநாதபுரம் சேதுபதி தரப்பு வழக்குப் போட்டது. இங்கே சிவகாசியில் விசுவநாதசுவாமி கோயிலை வைத்து மூண்ட பகை 1899 ஜூன் 6 அன்று ஊரையே எரித்தது. கமுதி வழக்கு கீழ்க்கோர்ட்டிலிருந்து சென்னை உயர் நீதிமன்றம் போய், கடைசியில் லண்டன் பிரிவி கவுன்சில் வரை ஏறியது. 1908-இல் தீர்ப்பு. நாடார்கள் தோற்றார்கள். சாஸ்திரம் என்ன சொல்கிறது என்று இரு தரப்பும் கட்டுக்கட்டாகச் சான்று கொடுத்தும், கோர்ட் நின்ற இடம் ‘மாமூல்’. இதுவரை இந்தக் கோயிலில் நடந்த வழக்கம் என்ன? அதுதான் சட்டம்.

சாலேம் சட்டம் படித்த மாகாணத்தில் ஓடிய வழக்கு இது. மாமூலை அளவுகோலாக வைத்தால் பரதேசிகள் பக்கம் முந்நூறு ஆண்டு வழக்கம் இருந்தது. கோர்ட் வாசல் அவருக்கு உதவாது.

பிறகு வைக்கம் வந்தது. 1924-இல் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காகத் தொடங்கிய சத்தியாகிரகம். கொச்சியிலிருந்து ஒரு காயல் பயணத் தூரம். ஈரோட்டிலிருந்து பெரியார் போய்ச் சிறையிருந்தது நமக்குத் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாத ஒரு துணைக் கதையும் உண்டு. மதுரையில் வக்கீல் தொழில் நடத்திய ஜார்ஜ் ஜோசப், நம் பக்கம் ரோசாப்பூ துரை என்று பெயர் வாங்கியவர், அந்தப் போராட்டத்தின் முன்னணியில் நின்றார். அவர் சிரியன் கிறிஸ்தவர். காந்தி அவரிடம் விலகியிருக்கச் சொன்னார். இது இந்துக்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய பாவம், வெளியார் வேண்டாம் என்பது அவர் வாதம்.

ஜார்ஜ் ஜோசப்புக்கு அது கசந்தது. எனக்கும் அந்த வாதம் முழுதாக ஒப்பவில்லை. தெருவில் நடப்பது எந்த மதத்தின் உள்விவகாரம்? ஆனால் அதே வாதத்தை மட்டாஞ்சேரியில் நின்று கேட்டால் வேறு மாதிரி ஒலிக்கிறது. உன் மதத்தின் பாவத்தை நீ தீர். யூதர்களுக்குள் இருந்த பாவத்தைத் தீர்க்க யூதன்தான் வரவேண்டும்.

*

1920-களின் பிற்பகுதியும் 1930-களும் அந்தத் தெருவில் சாலேமின் காலம்.

முதல் ஆயுதம் விலகல். கொஞ்ச காலம் பரதேசி ஜெப ஆலயத்தைப் புறக்கணித்தார். ஆவோ செய்ததும் இதுதான் என்றாலும் ஒரு வேறுபாடு இருந்தது. இவர் ஊரைவிட்டுப் போகவில்லை. சட்டசபை உறுப்பினர், ஊரறிந்த வக்கீல் வராத கோயில் என்பதே ஒரு பேச்சு. காலியாகக் கிடந்த தரை பேசத் தொடங்கியது.

இரண்டாவது, திரும்பி வருதல். காந்தி வழி என்று ஊரார் அதைச் சொன்னார்கள். சத்தியாகிரகம்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஜெப ஆலயத்துக்குள் சத்தியாகிரகம் செய்வது லேசான காரியம் இல்லை. காந்தியின் பெரிய ஆயுதம் உண்ணாவிரதம். யூத மதத்தில் ஓய்வுநாளன்று பட்டினி கிடக்கக் கூடாது. பாவ நிவாரண நாள் ஒன்றுக்கு மட்டும் விலக்கு. ஓய்வுநாள் உண்டு மகிழ வேண்டிய நாள். நோட்டீஸ் எழுத முடியாது, எழுதுவது அன்று தடுக்கப்பட்ட வேலை. விளக்கேற்றவும் கூடாது. கையில் இருப்பவை உடலும் குரலும்தான். எங்கே உட்காருகிறோம், எப்போது எழுகிறோம், யார் அழைக்காமல் பேசுகிறோம்.

ஐரோப்பிய யூதர்களிடம் ஓர் இடைக்கால வழக்கம் இருந்தது. நியாயம் கிடைக்காதவர் யாராயினும், ஏழையோ விதவையோ, சபை நடுவே எழுந்து தோரா வாசிப்பைத் தடுத்து நிறுத்தலாம். முறையீட்டைக் கேட்காமல் வாசிப்பு தொடரக் கூடாது. மதமே தனக்குள் வைத்துக்கொண்ட மறியல் அது. மட்டாஞ்சேரியில் அந்த வழக்கம் இல்லை. ஆனால் ஒரு மனிதர் தன் சபையின் நடுவே தனக்கு வராத அழைப்பை உரக்கக் கேட்டபோது, அவர் செய்தது அந்நியமான காரியம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். காந்தியிடம் கற்றது பாதி. மீதி தன் முன்னோர் பெட்டியிலேயே இருந்தது.

‘யூத காந்தி’ என்ற பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. வெளியார் அதைப் பாராட்டாகச் சொன்னார்கள். அந்தத் தெருவில் எல்லோரும் பாராட்டாகத்தான் சொன்னார்கள் என்று நான் நம்பவில்லை.

பெரியவர்களின் நிலைமையை யோசியுங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் அந்நியர் இல்லை. நாளைக்குச் சொத்து வழக்கு என்றால் இவரிடம் போக வேண்டியிருக்கும். சட்டசபையில் யூதர்களுக்காகப் பேசுபவர் இவர். இவர் சொல்வதற்கு மறைநூல் ஆதாரம் உண்டு என்று இவர்களுக்கே தெரியும். வெளியே நாடே தீண்டாமை ஒழிக என்று கத்திக்கொண்டிருக்கிறது. 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மகாராஜா கோயில்களைத் திறந்துவிட்டார். 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் அழைத்துப் போனவர்களில் கக்கனும் இருந்தார், விருதுநகர் சண்முக நாடாரும் இருந்தார். ஆயிரங்கால் மண்டபம் திறந்த பிறகு ஓடு பதித்த ஒற்றை மண்டபத்தை எத்தனை நாள் பூட்டிவைக்க முடியும்?

விட்டுக்கொடுத்தார்கள். ஒரேயடியாக அல்ல, அங்குலம் அங்குலமாக.

1930-களில் உள்ளே வரலாம், பெஞ்சில் உட்காரலாம் என்றானது. பின்பக்கத்து பெஞ்சில்! 1937-இல் அமெரிக்க மானிடவியலாளர் டேவிட் மேண்டல்பாம் மட்டாஞ்சேரிக்கு வந்தார். நீலகிரியில் கோத்தர்களிடையே இருந்து ஆராய்ச்சி செய்த அதே ஆள். அவர் பார்த்தபோது பழைய தடைகளில் பல உதிரத் தொடங்கிவிட்டன. 1940-களில் தோரா வாசிக்க மெஷுஹ்ரார் பெயர்களும் அழைக்கப்பட்டன.

பெயர் அழைக்கப்பட்ட அந்தக் கணத்தைப் பற்றி அவர்கள் பெரிதாக எழுதிவைக்கவில்லை. சபையில் ஒருவர் எழுந்து நடக்கிறார், பித்தளைக் கம்பிகளுக்கு நடுவே படியேறுகிறார், ஆசீர்வாத மந்திரத்தைச் சொல்லிச் சுருளைப் பார்க்கிறார், இறங்கி வருகிறார். இரண்டு நிமிடம் இருக்குமா? கெய்ரோவிலிருந்து முதல் பதில் வந்து அப்போது நானூறு ஆண்டு ஆகியிருந்தது.

*

பெஞ்சு சரி. பெண்?

சாலேம் தன் மகன்களில் ஒருவருக்கு பால்ஃபர் என்று பெயர் வைத்திருந்தார். பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் என்று 1917-இல் அறிவித்த ஆங்கில அமைச்சரின் பெயர். இந்திய விடுதலைக்கு லாகூர் வரை போனவர் பிள்ளைக்கு ஆங்கிலேய மந்திரி பெயர் வைத்தது முரணாகத் தோன்றலாம். அவருக்கு இரண்டும் ஒரே ஆசை. 1933-இல் பாலஸ்தீனத்தை நேரில் பார்த்துவிட்டு வந்த பிறகு அந்த ஆசை இன்னும் உறுதியானது.

1950-இல் பால்ஃபர் சாலேம், கோடர் குடும்பத்துப் பெண்ணை மணக்க முடிவு செய்தார். கோடர் குடும்பம் என்றால் கொச்சி யூதர்களில் உச்சம். கடைகள், மின்சாரக் கம்பெனி, அரச மட்டத்தில் செல்வாக்கு. முன்கட்டில் உட்கார்ந்திருந்த வீட்டுப் பிள்ளையும், பெஞ்சில் முதல் இடத்து வீட்டுப் பெண்ணும்.

தெரு கொதித்தது. தோரா வாசிக்க விட்டவர்கள் சம்பந்தம் பேச விடுவார்களா? நம் கிராமங்களிலும் இதே வரிசைதான். டீக்கடை பெஞ்சு முதலில் விழும், கல்யாணப் பந்தல் கடைசியில். திருமணம் கொச்சியில் நடக்கவில்லை. பம்பாயில் நடந்தது.

ஆனால் நடந்தது. பரதேசிகளுக்கும் மெஷுஹ்ராரிமுக்கும் இடையே இருந்த கடைசி வேலி அன்று முறிந்தது. 1757-ஆம் ஆண்டுப் பதிவேட்டில் எழுதியதை இனி யாரும் எடுத்துக் காட்ட முடியாது.

சாலேமுக்கு அப்போது 68 வயது. நியாயமாகப் பார்த்தால் இந்தப் பகுதியை இங்கே முடித்து, அவரை முதல் வரிசை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் போய்விடலாம். காலம் அப்படி விடவில்லை.

*

அந்தக் கல்யாணத்துக்கு இரண்டு ஆண்டு முன்பே, 1948 மே மாதம், இஸ்ரேல் என்ற நாடு பிறந்துவிட்டது.

செய்தி கொச்சிக் காயல் ஓரத்து யூதத் தெருக்களில் வேறு எந்தச் செய்தியும் செய்யாததைச் செய்தது. பரூர், சேந்தமங்கலம், மாளை, எர்ணாகுளம், மட்டாஞ்சேரி என எங்கும் மலபாரி யூதர்கள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். யாரும் விரட்டவில்லை. கல்லெறியவில்லை. ஆயிரம் ஆண்டாகத் தங்களுக்கு இடம் கொடுத்த நாட்டைவிட்டு, தினமும் மூன்று வேளை ஜெபத்தில் சொன்ன நாட்டுக்குப் புறப்பட்டார்கள். வீட்டை விற்றார்கள், கடையை விற்றார்கள். வேலையை விட்டவர்களும் உண்டு.

அப்போது அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தடை வந்தது.

கேரளக் கடலோரத்தில் யானைக்கால் நோய் அதிகம். கொச்சி யூதர்களிடமும் அது இருந்தது. இவர்களை விட்டால் நோய் இங்கேயும் பரவும் என்று இஸ்ரேலின் சுகாதார அதிகாரிகள் பயந்தார்கள். குடியேற்றம் நிறுத்திவைக்கப்பட்டது. ஊரை விற்றுவிட்டு, போக ஊர் இல்லாமல் குடும்பம் குடும்பமாகக் காத்துக் கிடந்தார்கள். கப்பல் இல்லை, விமானம் இல்லை, தேதி இல்லை.

கதவுக்கு வெளியே உட்காரவைக்கப்படுவது எப்படி இருக்கும் என்று அந்த ஊரில் மற்ற எவரையும்விட நன்றாகத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். தன்னை முன்கட்டில் உட்காரவைத்தவர்களுக்காகவோ தன் சொந்தக் குடும்பத்துக்காகவோ அல்ல, காத்திருந்த அந்த மலபாரி யூதர்களுக்காக அவர் மறுபடியும் வக்கீல் கோட்டை எடுத்து மாட்டினார். 1953-இல், எழுபது கடந்த வயதில், இஸ்ரேலுக்குப் புறப்பட்டார்.

புதிய நாட்டின் அதிகாரிகள் முன் அவர் எதை வைத்து வாதாடினார்? அவர்களைத் தடுத்தது உண்மையில் யானைக்கால் மட்டும்தானா? எல்லோருக்கும் அந்தக் கதவைத் திறந்துவிடப் போனவர், தான் மட்டும் ஏன் மட்டாஞ்சேரிக்குத் திரும்பி வந்தார்?

(தொடரும்)